காற்றைச் சோதித்த லாந்தர்

நம் வகுப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன். நாம் எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. உங்களில் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு துண்டு தெரியும். முழுதும் யாருக்கும் தெரியாது என்று போன வாரம் நீங்கள் குழுவில் பேசிக்கொண்டதிலிருந்து புரிந்தது. நடந்த வரிசை இது:

1. பள்ளிக்கூடக் கிணற்றில் ஒரு நாய் விழுந்து செத்தது.
2. கிணற்றை இறைத்துத் தூர் வார என் நைனாவையும் (அப்பாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) சித்தப்பாவையும் கூப்பிட்டார்கள்.
3. இறங்குவதற்கு முன் நைனா ஒரு லாந்தரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார். அதை நம் சயின்ஸ் டீச்சர் பார்த்தார்.
4. அறிவியல் தினத்தன்று டீச்சர் நைனாவை மேடையேற்றிப் பாராட்டினார்.
5. அதற்கடுத்த வாரம் சித்தப்பா கம்பெனியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினார். திரும்பி ஏறவில்லை.
6. அவரைத் தூக்க இறங்கப் போன நைனாவை அம்மா இறங்க விடவில்லை.
7. அன்றிலிருந்து நைனா அம்மாவோடு பேசுவதில்லை.

முதல் நான்கில் நீங்களும் இருந்தீர்கள். ஐந்தையும் ஆறையும் நான் பார்க்கவில்லை. அம்மா சொன்னதையும் கம்பெனி சூப்பர்வைசர் சொன்னதையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒத்துப்போனதை எழுதுகிறேன்; ஒருவர் மட்டும் சொன்ன இடத்தில் யார் சொன்னது என்று குறிப்பிடுகிறேன்.

அந்த மாசியில் பனி அதிகம். காலையில் தரையோடு கிடக்கும். உருக்காலைகளின் புகை அதைத் தாண்டி மேலே போக முடியாமல் நம் தலைக்குமேல் கூரை போட்டதுபோல் நிற்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பழைய சாவியைச் சப்பியது மாதிரி வாயில் ஒரு ருசி இருக்கும். நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டையின் காலரைத் தடவினால் விரலில் கறுப்பு ஒட்டும். நாம் அதை உதட்டுக்கு மேல் மீசையாக வரைந்துகொள்வோம்.

எங்கள் காலனி தீவனக் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மீன் கழிவைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனம் செய்யும் கம்பெனி. அம்மா அங்கே களத்தில் மீன் துழாவும் வேலை செய்தாள். நைனாவும் சித்தப்பாவும் காண்ட்ராக்ட் ஆட்கள். மூட்டை தூக்குவது, சாக்கடை எடுப்பது, எது கொடுத்தாலும். எங்கள் ஆட்கள் முன்பு அதே மண்ணில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் தொழிற்பேட்டையான பிறகும் நைனாவிடம் மிச்சமிருந்தது கிணறு தூர் வாரும் வேலைதான். அதில் அவருக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர் உண்டு.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த பெரிய சண்டை கொலுசைப் பற்றியது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தி ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் போட்ட வெள்ளிக் கொலுசு எங்கள் காலனிக்கு வந்த சில வாரங்களில் கரியாகக் கறுத்துவிட்டது.

"எங்க நைனாவ நல்லா ஏமாத்திக்கிறான் அந்தக் கடக்காரன். ஈயத்துக்கு வெள்ளி பூசிக் குடுத்துக்கிறான்" என்று சித்தி அழுதாள்.

"அடிப் போடி. என்னுதுந்தான் கறுத்துக்கெடக்குது. ஒடம்புச் சூடு. வெந்தயம் ஊறவெச்சிக் குடி" என்றாள் அம்மா.

"ஒங்களுக்கு இன்னாக்கா, வயசாயிடுச்சி, கறுத்தா இன்னா, வெளுத்தா இன்னா."

"வயசாயிடுச்சா? தோ பார்றா, வாய!"

இரண்டு பேரும் பல்பொடி போட்டுத் தேய்ப்பார்கள். வெளுக்கும். மறுபடி கறுக்கும். ஒருத்தி கடைக்காரனைச் சொன்னாள், ஒருத்தி உடம்பைச் சொன்னாள். சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அழுகிய சகதியிலிருந்து வரும் ஒரு வாயு வெள்ளியைக் கறுப்பாக்கும் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. லேபில் அந்தப் பாடம் நடந்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

கிணற்றுக்கு வருகிறேன். நாய் விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயில் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். நம்மை வகுப்புக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தினார் பி.டி. மாஸ்டர். நாம் கதவிடுக்கில் பார்த்தோம். தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தாகிவிட்டது. நைனா லாந்தரைக் கொளுத்தி, கயிற்றில் கட்டி, அசையாமல் இறக்கினார். அடியில் வைத்து, ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் சாக்பீஸோடு டீச்சர் வெளியே ஓடினார்.

"அண்ணா, பட்டப் பகல்ல எதுக்கு விளக்கு?"

"கீழ காத்து இருக்குதான்னு பாக்கறது டீச்சர். வெளக்கு அணைஞ்சா மனுசனும் அணைஞ்சிடுவான்."

சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "மெய்யாலுமே டீச்சர். திருவாலங்காட்டாண்ட ஒரு கெணத்துல பொசுக்குனு அணைஞ்சிடுச்சி. ண்ணன் என்னை எறங்கவே உடல. எறங்கியிருந்தா எனுக்கு இந்தக் கல்யாணமே ஆயிருக்காது. அப்பவே எறங்கிக்கீணும்னு இப்ப தோணுது."

நைனா அவர் பின்னந்தலையில் ஒன்று போட்டார். டீச்சர் சிரித்தார். ஆனால் அவர் கண் லாந்தரிலேயே இருந்தது. நம் வகுப்புக்குத் திரும்பி வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று உங்களில் யாராவது நினைவில் வைத்திருப்பீர்கள். தொலைத்த பொருள் கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

அன்று அவர் நடத்தியது பாடத்திலேயே இல்லை. கிரேக்கர்களைப் பற்றிச் சொன்னார். இடி ஏன் இடிக்கிறது என்று கேட்டால் தெய்வத்துக்குக் கோபம் என்று நிறுத்திக்கொள்ளாமல் மேகத்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள் அங்கே சிலர் இருந்தார்கள் என்றார். உலகம் எதனால் ஆனது என்று கேட்டவர்கள். மண், நீர், தீ, காற்று என்று நான்கில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டவர் எம்பெடோக்கிளீஸ்.

"நம்மளுக்கு அஞ்சு டீச்சர். ஆகாசம் எக்ஸ்ட்ரா" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அது யார் என்று இங்கே எழுதவில்லை; இப்போது அவர் பேங்க் மேனேஜர்.

பிறகு பால்பவுடர் டப்பா. அடியில் ஆணியால் ஓட்டைகள், மூடியில் ஒரு ஓட்டை. மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வாளித் தண்ணீரில் அமுக்கினால் டப்பாவுக்குள் தண்ணீர் ஏறாது. விரலை எடுத்தால் ஏறும். காற்று என்பது வெறும் வெற்றிடமில்லை, அது ஒரு பொருள், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துச் சொன்னார்கள் என்றார். நாம் எல்லோரும் வரிசையில் நின்று விரல் வைத்துப் பார்த்தோம். டப்பாவுக்குள்ளிருந்து எதுவோ தண்ணீரை எதிர்த்துத் தள்ளுவது கையில் தெரிந்தது. எனக்கு அது பயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவ்வளவு பலமாக இருக்கும் என்று நான் அதற்குமுன் நினைத்ததில்லை.

கடைசியாக மெழுகுவர்த்தி. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் வர்த்தியைக் கொளுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் சுருங்கி அணைந்தது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. ஃபிலோ என்ற கிரேக்கர் செய்து பார்த்தது என்றார். "தீ காற்றைச் சாப்பிட்டது. சாப்பிட்ட இடத்துக்குத் தண்ணி வந்தது. காற்று இருந்தா தீ இருக்கும், தீ இருந்தா உயிர் இருக்கும். வெளியில அந்த அண்ணா கிணத்துக்குள்ள விட்டாரே, அதேதான் இது."

டீச்சர் சொன்னதில் முக்கால்வாசி சரி. தண்ணீர் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடான காற்று விரிந்து வெளியேறிப் பிறகு குளிர்ந்து சுருங்குவது. அது சின்னப் பிழை. பெரிய பிழை வேறு. காற்று ஒரு பொருள் என்று கிரேக்கர்கள் கண்டார்கள். காற்று பல பொருள் என்று காணவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், பல நூறு வருஷம் கழித்து வேறு நாட்டு ஆட்கள் காற்றைப் பிரித்து, அடைத்து, எடை போட்டுப் பார்த்த பிறகுதான் நாம் இன்று ரசாயனம் என்று படிப்பது வந்தது. சுடர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: ஆக்சிஜன் போதுமா, போதாதா. வேறு என்ன கலந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கிணற்றுக்கு அந்த ஒரு பதில் பெரும்பாலும் போதும். மீன் அழுகிய தொட்டிக்குப் போதாது.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. உள்ளே இறங்கிச் சகதியை வாளியில் அள்ள வேண்டும். புதிதாக வந்திருந்த சேஃப்டி ஆபீசர், மீட்டர் வைத்து வாயுவைப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. காண்ட்ராக்டர் தினமும் வீட்டுக்கு வந்து நின்றார். நைனா அசையவில்லை.

"கெணறு எனுக்குத் தெரியும் சார். இது சிமெண்டுத் தொட்டி, மூடி வேற போட்டுக்கீது. எனுக்கு ஒரு மாதிரியா கீது. அந்த ஆபீசர் புள்ள சொல்ற மீட்டரு வரட்டும்."

இதை அவர் சொன்னபோது நான் அறைக்குள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தெளிவாகக் கேட்டேன். தயவுசெய்து இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை நைனா சரியாகத்தான் இருந்தார்.

அறிவியல் தினம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷாமியானா, மைக்கில் கீச்சுச் சத்தம், கல்வி அதிகாரி வந்து உட்கார்ந்தது, நம் டப்பாவும் தட்டும் மேஜையில். டீச்சர் நைனாவை மேடைக்குக் கூப்பிட்டார். நைனா சலவைச் சட்டையில், கையில் லாந்தரோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்களில் அந்த மேடையில் ஏறிய முதல் ஆள் அவர்தான். டீச்சர் அதற்காகவே செய்தார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தலை நிமிர வேண்டும் என்று நினைத்தார். அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மைக்கில் அவர் பேசியதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருப்பது இது: "அந்தக் காலத்து கிரேக்க விஞ்ஞானி நெருப்பை வெச்சு காத்தைக் கேட்டாரு. இன்னிக்கு நம்ம ஊர்ல இந்த அண்ணா அதே கேள்வியைக் கேக்குறாரு. இவருக்கு எந்த மெஷினும் வேணாம். இவரேதான் மெஷின்."

நாம் எல்லோரும் கை தட்டினோம். சித்தப்பா விசில் அடித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நைனாவின் தோளில் கல்வி அதிகாரி சால்வை போர்த்தினார்.

அன்று சாயங்காலம் காலனி முழுக்க நைனாவுக்குப் புதுப் பெயர். "இன்னா கிரேக்கரே, நாஷ்டா ஆச்சா?" என்றார் டீக்கடைக்காரர். "கிரேக்கருக்கு ஒரு ஸ்ட்ராங் போடுப்பா" என்றார் சித்தப்பா. நைனா முறைத்தார், ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்திருந்தார். அடுத்த முறை காண்ட்ராக்டர் வந்தபோது பேச்சு மாறியிருந்தது.

"மீட்டரு இன்னும் வரலபா" என்று காண்ட்ராக்டர் இழுத்தார்.

"வராட்டி இன்னா? லாந்தரு கீது. படிச்சவங்களே மேடையில சொல்லிட்டாங்க. நாளைக்கி எடுத்துடலாம் உடு."

அம்மா அடுப்படியிலிருந்து, "அன்னிக்கி ஒரு மாதிரியா கீதுன்னே?" என்று கேட்டாள்.

"அன்னிக்கித் தெரில. சும்மா பேஜாரு பண்ணாத" என்றார் நைனா.

மறுநாள் சேஃப்டி ஆபீசர் லீவு. மூடியை நெம்பித் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் களம் வரைக்கும் வந்தது என்கிறாள் அம்மா. நைனா லாந்தரை இறக்கினார். எரிந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்துப் பார்த்தார். எரிந்துகொண்டே இருந்தது. சித்தப்பா தொட்டி வாயில் குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ண்ணா, நாத்தமே போயிடுச்சி. கண்ணுதான் கொஞ்சம் எரியுது. வெளக்கு சூப்பரா நிக்குது. நான் எறங்கறேன்."

நாற்றம் போகவில்லை. கொலுசைக் கறுப்பாக்கிய அதே வாயு அளவு மீறும்போது முதலில் மூக்கைக் கொல்லும். மோப்பம் மரத்துப்போகும். எதுவும் நாறவில்லை என்பதுதான் அங்கே கடைசி எச்சரிக்கை. நைனாவுக்கு இரண்டு சாட்சி கிடைத்தது: சுடர் நிற்கிறது, நாற்றம் இல்லை. இரண்டும் நல்ல காற்று என்று சொன்னது. சித்தப்பா ஏணியில் இறங்கிச் சகதியில் கால் வைத்தார். அசையாமல் கிடந்த சகதி கலங்கியது. அதற்குள் அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

வாளியைக் கேட்கக் கையை நீட்டியவர் அப்படியே சாய்ந்தார் என்கிறார் சூப்பர்வைசர். சத்தம்கூடப் போடவில்லை.

நைனா ஏணியில் இரண்டு கால்களையும் வைத்துவிட்டார். களத்திலிருந்து ஓடி வந்த அம்மா அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் உதறினார். அவள் விழுந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முகத்தில் அடித்தார். அவள் விடவில்லை. களத்துப் பெண்கள் சேர்ந்து வந்து அவர்மேல் உட்கார்ந்தார்கள்.

"உடுங்கடி! லாந்தரு எரியுதுடி! பாருடி, எரியுது! காத்து கீதுடி!"

அம்மா, "எரியட்டும், நீ போவாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஏன் அப்படிப் பிடித்தாய் என்று பிற்பாடு கேட்டேன். அவளுக்கு வாயு தெரியாது, மூக்கு மரத்துப்போவது தெரியாது. "போனவன் வரலியே. அதுக்கு மேல இன்னா தெரியணும்?" என்றாள்.

தீயணைப்பு ஆட்கள் முகமூடி போட்டு இறங்கிச் சித்தப்பாவைத் தூக்கினார்கள். அதுவரை லாந்தர் அணையவில்லை.

காரியத்துக்கு முன்தினம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை. நைனா சொன்னார்: "லாந்தரு எரிஞ்சிக்கினேதான் இருந்துச்சி டீச்சர். நான் தப்பாப் பாக்கல."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்ணா. நீங்க சரியாத்தான் பாத்தீங்க. உங்க மேல தப்பே இல்ல."

துக்க வீட்டில் வேறு என்ன சொல்வார்? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் நைனா அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். விளக்கு எரிந்தது, டீச்சரே ஒத்துக்கொண்டார். அப்படியென்றால் உள்ளே காற்று நன்றாக இருந்தது. காற்று நன்றாக இருந்தால் தம்பி மயங்கித்தான் விழுந்திருப்பான், சாகவில்லை. நான் இறங்கியிருந்தால் தூக்கியிருப்பேன். இறங்க விடாதவள் இவள்.

அதில் ஓட்டை எதுவும் இல்லை. விளக்கு எரிந்தால் காற்று நன்றாக இருக்கும் என்ற வரி மட்டும் தப்பு.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்ததற்குக் காரணம் இதுதானா என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். பாதி. இப்போது நம் பேட்டையிலேயே ஒரு கம்பெனியில், தொட்டிகளுக்குள் ஆள் இறங்க அனுமதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான்கு வாயுக்களைத் தனித்தனியாகக் காட்டும் மீட்டரை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவிடம் விளக்கினேன். இறங்கியிருந்தால் சித்தப்பாவோடு அவரும் செத்திருப்பார், அம்மாதான் அவரைக் காப்பாற்றினாள் என்று நேராகவே சொன்னேன். அவர் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ ஒங்கம்மாவுக்குப் பரிஞ்சிக்கினு பேசற. டீச்சருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

போன பொங்கலுக்குப் பிறகு பொன்னேரியில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகி, மகனோடு இருக்கிறார். நடந்ததையெல்லாம் இதே வரிசையில் சொன்னேன். குறை சொல்ல வரவில்லை, ஒரே ஒரு உதவி வேண்டும் என்றேன். மேடையில் சொன்னது அந்தத் தொட்டிக்குப் பொருந்தாது என்று நைனாவிடம் அவர் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் ஏறாது, அவர் சொன்னால் ஏறும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெஷின் வேணாம்னா சொன்னேன்? நானா?"

"ஆமாம் டீச்சர்."

"எனக்கு ஞாபகமே இல்லையேம்மா. விளக்கு ஞாபகம் இருக்கு. சால்வை ஞாபகம் இருக்கு. ஏதோ சந்தோஷத்துல சொல்லியிருப்பேன்." பிறகு, "ஒங்கப்பாவுக்கு அந்த ஒரு நாள்தானேம்மா கிடைச்சுது. அதையும் நான் போய் எடுத்துக்கணுமா?" என்றார்.

அம்மாவுக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை டீச்சர் என்று சொன்னேன். வாசல் வரை வந்து, "வரேன்னு சொல்லு" என்றார்.

இப்போதைய நிலை. நைனா ஒரு குடோனில் வாட்ச்மேன். அம்மா வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. சித்தி மறுமணம் செய்துகொண்டு பள்ளிப்பட்டில் இருக்கிறாள். டீச்சர் இன்னும் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. வீட்டில் உப்பு குறைவு என்பதை நைனா என்னிடம் சொல்வார், நான் அம்மாவிடம் சொல்வேன். அவளுடைய மாத்திரை தீர்ந்தால் என்னிடம் சொல்வாள், நான் நைனாவிடம் சொல்வேன். எனக்கு அடுத்த மாதம் குஜராத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள்.